தகர டியூபும் ஒரு கேலிப் பெயரும்

ஓவிய வகுப்புக்கு வாங்கிய கலர் டியூப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திருகி, வால் பக்கம் அமுக்கினால் பட்டாணி அளவு நீலம் வந்து நிற்கிறது. திரும்ப மூடினால் மிச்சம் அடுத்த வாரத்துக்கு ஆயிற்று. இதில் அதிசயம் என்ன என்று கேட்பீர்கள். இந்த அற்ப சாதனத்துக்கு 1841-இல் ஒருவர் காப்புரிமை வாங்கினார். பெயர் ஜான் காஃப் ராண்ட். லண்டனில் குடியிருந்த அமெரிக்க ஓவியர்.

அதற்கு முன் என்ன செய்தார்கள்? நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெய் விட்டுக் கல்லில் அரைத்தார்கள், அம்மியில் மசாலா அரைப்பது போல. அரைத்த விழுதைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து வாயை நூலால் இறுகக் கட்டினார்கள். வேண்டும்போது பையில் ஒரு சிறு ஆணியால் குத்திப் பிதுக்குவது, பிறகு அதே ஆணியால் ஓட்டையை அடைப்பது. அடைப்பு சரியாக நிற்காது. காற்றுப் பட்டு உள்ளே வண்ணம் இறுகிப்போகும். சில சமயம் பையே வெடித்துச் சட்டையெல்லாம் பாழாகும். இப்படிப்பட்ட பைகள் ஏழெட்டைச் சுமந்துகொண்டு ஆற்றங்கரைக்குப் போய் வரைய யாருக்குத்தான் மனம் வரும்? வெளியே போனவர்களும் பெரும்பாலும் சின்னக் குறிப்போவியம் தீட்டிக்கொண்டு திரும்பி, அறைக்குள் வைத்துத்தான் பெரிய ஓவியத்தை முடித்தார்கள்.

மேலைநாட்டு ஓவிய இயக்கங்கள் என்றால் நம் கையில் பொதுவாக ஒரு பட்டியல்தான் கிடைக்கும். மறுமலர்ச்சி, பரோக், ரொமான்டிசிசம், ரியலிசம், இம்ப்ரெஷனிசம், கியூபிசம் என்று அரச வம்சாவளி போல ஒன்றன்பின் ஒன்று. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒரு ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் அந்தப் பட்டியலால் காலணா பிரயோசனம் இல்லை. ஆகவே ஒரே ஒரு இயக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். இம்ப்ரெஷனிசம். முன்னால் இருந்ததும் பின்னால் வந்ததும் அதைப் பிடித்தால் தானே வந்து சேரும்.

முன்னால் இருந்தது சுருக்கமாக. 1305 வாக்கில் இத்தாலியின் பதுவா நகரத்துச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில் ஜோத்தோ தீட்டிய மனிதர்களுக்கு உடம்பின் கனம் இருந்தது, முகத்தில் துக்கம் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் பிளாரன்ஸில் புரூனெல்லஸ்கி, தூரத்துப் பொருள் எந்தக் கணக்கில் சிறுக்கிறது என்பதை வரைந்து காட்டினார். 1435-இல் ஆல்பர்ட்டி அந்தக் கணக்கை நூலாக எழுதிவைத்தார். அன்று தொடங்கி நானூறு ஆண்டுக்கு மேல் ஐரோப்பாவில் ஓவியம் என்றால் ஒரு ஜன்னல். அதன் வழியே பார்த்தால் உலகம் ஆழமாக, உருண்டு திரண்டு தெரியவேண்டும். பரோக்காரர்கள் அந்த ஜன்னலுக்குள் இருளையும் விளக்கொளியையும் கொண்டுவந்தார்கள். ரொமான்டிக்குகள் புயலையும் கப்பல் சேதத்தையும் கொண்டுவந்தார்கள். ஜன்னலை மட்டும் யாரும் கழற்றவில்லை.

19ஆம் நூற்றாண்டு பாரிஸில் அந்த ஜன்னலுக்கு ஒரு காவல்காரரும் இருந்தார். சலோன் என்ற பெரிய அரசுக் கண்காட்சிதான் அவர். அதில் படம் மாட்டப்பட்டால் ஓவியனுக்குச் சோறு, இல்லையென்றால் இல்லை. புராணமும் சரித்திரமும் உயர்ந்த பொருள்கள், இயற்கைக் காட்சி தாழ்ந்தது, தட்டில் வைத்த பழம் அதனினும் தாழ்ந்தது என்று ஒரு சாதி அடுக்கே வைத்திருந்தார்கள். தூரிகை ஓடிய தடம் தெரியக்கூடாது. மெழுகினாற்போல் மழமழவென்று இருக்கவேண்டும். 1855-இல் கூர்பே என்ற ஓவியர் சொந்தச் செலவில் கொட்டகை போட்டு, ரியலிசம் என்று பெயர் எழுதிவைத்துத் தன் படங்களைக் காட்டினார். 1863-இல் தேர்வுக்குழு தள்ளிய படங்கள் மிக அதிகமாகி, கூச்சல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காதுவரை போனது. தள்ளப்பட்டவற்றுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்த அவர் உத்தரவிட்டார். மானே என்ற ஓவியரின் ‘புல்வெளியில் விருந்து’ அங்கேதான் ஊர்ச் சிரிப்பாய்ச் சிரித்தது.

இதற்குள் வேறு சில காரியங்கள் ஓசைப்படாமல் நடந்துகொண்டிருந்தன. 1839-இல் தாகேரின் புகைப்பட முறை வெளியானது. உள்ளதை உள்ளபடி பதிவதற்கு இனி ஓர் இயந்திரம் உண்டு. கோபால்ட் நீலம், குரோம் மஞ்சள், விரிடியன் பச்சை என்று வேதியியல் கூடத்திலிருந்து புதுப்புது நிறங்கள் வந்துகொண்டிருந்தன. ஆப்கானிஸ்தான் மலையில் வெட்டியெடுத்த நீலக்கல்லைப் பொடித்துச் செய்த அல்ட்ராமரீன் பழைய நாளில் தங்கத்தோடு போட்டியிடும் விலை. 1820களில் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். ரயில் வந்தது. காலையில் பாரிஸில் ஏறினால் வெயில் சாய்வதற்குள் ஆற்றங்கரைக் கிராமத்தில் படம் தீட்டிவிட்டுத் திரும்பலாம்.

இவற்றோடு சேர்க்கவேண்டிய இன்னொருவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவர். ‘உங்கள் கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது’ என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் ஓடிய நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை வெளுக்கவைத்தன. ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் அண்டைவீட்டு நிறமும் சேர்ந்து தீர்மானிக்கிறது என்று 1839-இல் அவர் பெரிய நூலே எழுதினார். ஆரஞ்சும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். நிழல் என்றால் கறுப்பைக் குழைக்கவேண்டியதில்லை, நீலமோ ஊதாவோ போதும் என்ற துணிச்சல் ஓவியர்களுக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. மனிதர் 102 வயது வாழ்ந்தார்.

டியூப் இல்லாவிட்டால் மோனே இல்லை, செசான் இல்லை, இம்ப்ரெஷனிசமே இல்லை என்று அந்த இயக்கத்து ஓவியர் ரெனுவார் பின்னாளில் சொன்னதாக அவர் மகன் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மிகை என்பது என் எண்ணம். டியூப் வந்து முப்பது வருடம் கழித்துத்தான் இயக்கம் பெயர் பெறுகிறது. ஆனால் டியூப் என்ன செய்தது என்பதற்கு லண்டன் நேஷனல் கேலரியில் ஓர் அழகான சாட்சி இருக்கிறது. மோனே 1870-இல் துரூவில் கடற்கரையில் தீட்டிய ஒரு சிறு படம். இரண்டு பெண்கள், குடைகள், காற்று. அதன் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அன்று கடற்கரையில் அடித்த காற்று கொண்டுவந்து போட்டது. சாட்சி என்றால் இப்படி இருக்கவேண்டும்.

1874 ஏப்ரல் 15. பாரிஸில் கப்புசின் சாலை, 35ஆம் எண் கட்டடம். அது முன்பு நாதார் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரரின் ஸ்டூடியோவாக இருந்தது என்பது வேடிக்கையான பொருத்தம். சலோனை நம்பி அலுத்துப்போன சுமார் முப்பது ஓவியர்கள் அங்கே தாங்களே கண்காட்சி திறந்தார்கள். மோனே, ரெனுவார், தெகா, பிஸ்ஸாரோ, சிஸ்லே, செசான். பெண்களில் பெர்த் மொரிசோ. கட்டணம் ஒரு பிராங்க். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயரைக் கேட்டால் கொட்டாவி வரும்: ‘ஓவியர், சிற்பி, அச்சோவியர் கூட்டுப் பங்கு நிறுவனம்’ என்கிற மாதிரி ஒன்று. எந்தப் பாணியின் பெயரும் தங்கள்மேல் ஒட்டக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

ஒட்டிக்கொண்டது. படப்பட்டியல் தயாரித்தவர் ரெனுவாரின் தம்பி எட்மோன். துறைமுகக் காட்சி ஒன்றுக்குத் தலைப்பு என்ன போடுவது என்று மோனேயைக் கேட்டார். ‘இம்ப்ரெஷன்’ என்று போட்டுக்கொள் என்றார் மோனே. மனத்தில் பட்டது, அவ்வளவுதான் என்ற பொருளில். ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்று அச்சானது. பத்து நாள் கழித்து லூயி லெருவா என்ற விமர்சகர் ஒரு நையாண்டிப் பத்திரிகையில் பிய்த்து உதறினார். சுவரில் ஒட்டும் காகிதத்துக்குப் போட்ட அரைகுறை மாதிரிகூட இதைவிட முடிவாக இருக்கும் என்பது அவர் கேலி. கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி’. மூன்றே வருடத்தில், 1877 கண்காட்சியில், அந்தக் கேலிப் பெயரை அவர்களே எடுத்துச் சூடிக்கொண்டார்கள். பங்கு நிறுவனமோ நஷ்டத்தில் முடிந்து 1874-லேயே கலைக்கப்பட்டிருந்தது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பெரியதே அல்ல, 48 சென்டிமீட்டர் உயரம், 63 அகலம். லெ ஆவ்ர் துறைமுகம். எங்கும் சாம்பல் கலந்த நீலப் பனி. கப்பல்களின் பாய்மரங்களும் புகைபோக்கிகளும் பனிக்குள் பேய்போல நிற்கின்றன. முன்னால் ஒரு படகு, உள்ளே இரண்டு உருவம். நாலைந்து கருநீலத் தீற்றல்தான், ஆனால் துடுப்பு போடுகிறவர் தெரிகிறார். வலப்பக்கம் வட்டமாக ஆரஞ்சுச் சூரியன். அதன் கீழே தண்ணீரில் அதே ஆரஞ்சு நெளிநெளியாக, தூரிகை நின்று எழுந்த இடம் எல்லாம் தெரியும்படி. பனி மெல்லிசாகப் பூசியிருக்கிறது. சூரியன் தடிமனாக அப்பியிருக்கிறது. லெருவா சொன்னது ஒரு வகையில் சரிதான், படம் முடியவில்லை. முடித்து வைப்பது பார்க்கிறவர் கண்ணின் வேலை. சூரியனைப் பற்றி ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. ஸெரா, செவ்ரலின் கருத்தைப் பிடித்துக்கொண்டு நிறங்களைக் குழைக்காமல் புள்ளி புள்ளியாக வைத்தார். மூன்று மீட்டர் அகலமுள்ள ‘கிராந்த் ஜாத் தீவில் ஞாயிறு’ என்ற படத்தை முடிக்க அவருக்கு இரண்டு வருடம். 1886-இல், இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டாவதும் கடைசியுமான கண்காட்சியில் அது தொங்கியது. எட்டிலும் பங்கேற்ற ஒரே ஆள் பிஸ்ஸாரோ. வான்கோ அதே பிரகாசமான டியூப் நிறங்களை எடுத்து வெளிச்சத்துக்குப் பதிலாகத் தன் மனநிலையைத் தீட்டினார். அவர் நம்பிய குரோம் மஞ்சள் வெளிச்சம் படப் பட பழுப்பேறும் என்பது பெரிய சோகம்; சூரியகாந்திகள் அன்று இருந்த நிறத்தில் இன்று இல்லை.

செசான் வேறு வழி போனார். ஒளி ஓடிப்போகிறது, மலை நிற்கிறதே என்று தெற்குப் பிரான்சின் செயின்ட் விக்டுவார் மலையைத் திரும்பத் திரும்பக் கட்டினார்; ஆம், கட்டினார் என்றுதான் சொல்லவேண்டும், செங்கல் அடுக்குவது போல வண்ணத்தை அடுக்கினார். 1906-இல் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1907-இல் பிக்காஸோ ‘அவீஞ்யோன் பெண்கள்’ வரைந்தார். 1908-இல் பிராக் வரைந்த வீடுகளையும் மரங்களையும் பார்த்த வோக்ஸல் என்ற விமர்சகர், எல்லாவற்றையும் கியூப் ஆக்கிவிட்டார் என்று எழுதினார். கியூபிசம் என்ற பெயர் பிறந்தது. இதே வோக்ஸல்தான் 1905-இல் மத்தீஸ் கூட்டத்தின் படங்களைக் காட்டு மிருகங்கள் என்று சொல்லி ஃபாவிசத்துக்கும் பெயர் கொடுத்தவர். விமர்சகர்கள் வைய வைய அகராதி பெருகிற்று. கோதிக், பரோக் என்ற பழைய பெயர்களும் முதலில் வசவுகள்தாம்.

மோனே தன் வழியிலேயே போனார். 1890-91-இல் வீட்டுப் பக்கத்து வைக்கோற்போரையே காலை, மாலை, பனி, வெயில் என்று வரிசையாகத் தீட்டினார். வெளிச்சம் மாற மாற கேன்வாஸை மாற்றிக்கொள்வார். அதில் ஒன்று 1896-இல் மாஸ்கோவுக்குக் கண்காட்சிக்குப் போயிற்று. சட்டம் படித்த ஓர் இளைஞர் அதன் முன்னால் நின்றார். இது என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் வைக்கோற்போர் என்று அறிந்தார். தெரியாதபோதும் படம் மனத்தைப் பிடித்து ஆட்டுகிறதே என்று திகைத்தார். காண்டின்ஸ்கி என்ற அந்த இளைஞர் சட்டத்தை விட்டுவிட்டு மியூனிக் போய் ஓவியம் கற்றார். பிற்பாடு பொருளே இல்லாத அருவ ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர் ஆனார். ஜன்னல் கழன்றுவிட்டது.

அந்தப் பாக்கிச் சங்கதிக்கு வருகிறேன். ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ இப்போது பாரிஸில் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் 1985-இல் களவு போய் 1990-இல் கார்சிகா தீவில் மீட்கப்பட்டது. அதன் நல்ல பிரதி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கும். நிறத்தில் அத்தனை கொழுந்துவிட்டாலும் அதன் வெளிச்ச அளவு பின்னாலுள்ள சாம்பல் வானத்தின் அளவேதான். ஹார்வர்டின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை எடுத்துக்காட்டினார். நம் மூளையில் நிறத்தைப் பார்க்கும் பகுதி ‘இதோ சூரியன்’ என்கிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டு இடத்தை அறியும் பகுதிக்கு அங்கே எதுவும் தட்டுப்படுவதில்லை. இரண்டுக்கும் நடக்கிற வழக்கில்தான் அந்த ஆரஞ்சு வட்டம் நடுங்குவது போலத் தெரிகிறது. திரும்ப நிறத்தைப் போட்டுப் பாருங்கள்.