நோயில்லாத நாய்க்கும் ஸ்கேன் எதற்கு?

நாய்க்குத் தாடைக்கடியில் நெறி கட்டினால், அதாவது நிணநீர்க் கணு வீங்கினால், தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மார்புக்குள் கட்டினால் விரல் எட்டாது. இயல்பான நிணநீர்க் கணு எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. இதயம், ரத்தக் குழாய்களின் நிழலோடு கலந்துவிடும். நன்றாக வீங்கினால்தான் அகப்படும். அல்ட்ராசவுண்டை நுரையீரலில் உள்ள காற்று மறித்துவிடுகிறது. மிஞ்சுவது சி.டி. ஸ்கேன்தான்.

அதற்கும் மெனக்கெட வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, நாயைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். ஒருக்களித்துக் கிடந்தால் அடிப்பக்க நுரையீரல் சுருங்கிப் படம் கெட்டுவிடும். அயோடின் மருந்தை ஊசியில் ஏற்றி, சில விநாடிகள் மூச்சை நிறுத்திவைத்துப் படமெடுப்பார்கள். கணுவைச் சுற்றிக் கொழுப்பு இருந்தால்தான் அதன் விளிம்பு துலங்கும். இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒல்லி நாயைவிடக் குண்டு நாய் மருத்துவருக்கு வசதி!

கணு தெரிந்துவிட்டது, சரி. அது வீக்கமா, இயல்பான அளவா? மனிதர்களுக்குக் குறுக்களவு 10 மி.மீ. தாண்டினால் சந்தேகம் என்றொரு கணக்கு உண்டு. நாய்களிடம் அது செல்லாது. இரண்டு மூன்று கிலோ சிவாவாவையும் அறுபது கிலோ கிரேட் டேனையும் ஒரே அளவுகோலில் எப்படி அளப்பது? அதனால் கணுவின் அளவை அதே நாயின் முதுகெலும்போடு ஒப்பிட்டு விகிதமாகப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. எது இயல்பான விகிதம் என்று தெரிய வேண்டுமே, நோயில்லாத நாய்களின் படங்கள் தேவைப்படுவது இதற்காகத்தான். இதற்கென்றே ஒரு நல்ல நாயை மயக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேறு காரணத்துக்காக ஸ்கேனுக்கு வந்து, மார்பில் கோளாறு இல்லாத நாய்களின் படங்களே போதும்.

எல்லாக் கணுவும் ஒரே சேதி சொல்வதில்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ளவை நுரையீரலின் நிணநீரை வாங்குகின்றன. நுரையீரல் கட்டி பரவியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அங்கேதான். மார்பெலும்பை ஒட்டிய கணு விசித்திரமானது. இருப்பது மார்பில் என்றாலும், வயிற்றறையின் நிணநீரும் உதரவிதானம் வழியாக அதற்கு வந்து சேரும். அது பெருத்திருந்தால் நல்ல மருத்துவர் நெஞ்சோடு நிற்காமல் வயிற்றையும் ஸ்கேன் செய்வார். மண்ணீரல் கட்டியோ வயிற்றுக்குள் ரத்தக் கசிவோ இருக்கலாம்.

அளவு மட்டுமே தீர்ப்பாகாது. சாதாரணத் தொற்றிலும் கணு வீங்கும். புற்றுநோய் நுழைந்த கணு சின்னதாகவே இருப்பதும் உண்டு. சந்தேகம் நீடித்தால் ஊசியால் செல்களை எடுத்துச் சோதிக்க வேண்டும். உங்கள் நாயின் அறிக்கையில் மில்லிமீட்டர் கணக்கு மட்டும் இருந்தால், அதன் எடையையும் வயதையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.