ஸ்க்ரூ டிரைவர் கையில்... சம்பளம் பையில்!

காலையில் ப்ராஜெக்ட் சப்மிஷன். ராத்திரி 11 மணிக்கு ஹாஸ்டல் ரூமில் கம்ப்யூட்டர் 'பீப்... பீப்...' என்று கத்திவிட்டு, கறுப்புத் திரையோடு அடம் பிடிக்கிறது. உடனே மேல் மாடியிலிருந்து ஒரு ஜூனியரை எழுப்பிக் கூட்டிட்டு வருவாங்க பாருங்க... அவர் தூக்கக் கலக்கத்தோடு கேபினெட்டைத் திறந்து, ராம் கார்டைக் கழற்றி, துடைத்து, 'டக்'கென்று திரும்ப மாட்டுவார். சிஸ்டம் எழுந்து உட்காரும். அன்னிக்கு அந்த ஹாஸ்டலுக்கே அவர்தான் ஹீரோ!

அந்த ஜூனியர் நீங்கதானா? அப்படின்னா இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

"டிகிரி படிச்சுட்டு கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று வீட்டில் கேட்பாங்க. கேட்கட்டும். சாஃப்ட்வேர் கம்பெனியோ, பேங்க்கோ, ஸ்கேன் சென்டரோ... மெஷின் ஓடினால்தான் அங்கே வேலை ஓடும்!

மூளைக்குத்தான் காசு

ஒரு கஸ்டமர் வர்றார்னு வெச்சுக்குங்க. "நெட் இருக்கு தம்பி, ஆனா எந்த சைட்டும் திறக்க மாட்டேங்குது" என்கிறார். ஒரு கடையில் 'ஃபார்மட் பண்ணணும்' என்றார்களாம். இன்னொரு கடையில் 'மதர்போர்டே காலி' என்றார்களாம். நீங்கள் பதறாமல் திரை ஓரத்தில் தேதியைப் பாருங்க. பல வருஷத்துக்கு முந்தைய தேதியா? பிடிச்சாச்சு! மதர்போர்டில் பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துபோச்சு. கரண்ட் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். தேதி தப்பானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரி செய்தால் வேலை முடிந்தது.

"ஒரு பட்டன் பேட்டரி மாத்தவா இவ்வளவு காசு?" என்று அவர் கேட்கலாம். மாற்றியதற்கு இல்லை சார், கண்டுபிடித்ததற்கு!

எங்கே கத்துக்கலாம்?

பத்தாவது பாஸ் செய்தவர்களுக்கு ஐ.டி.ஐ.க்களில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு என்று ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, விசாரிச்சுக்குங்க. காலேஜில் இருப்பவர்கள் காம்ப்டியா நிறுவனத்தின் ஏ பிளஸ் சான்றிதழுக்குத் தயாராகலாம். மொத்தம் 2 தேர்வுகள். பாஸ் செய்தால் 3 வருடம் செல்லும். நெட்வொர்க் பக்கம் போகணுமா? சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. இருக்கிறது. 2020-லிருந்து அதற்கு ஒரே தேர்வுதான். ரெண்டுக்குமே கட்டணம் அதிகம். அதனால், முதலில் பாடத்தைப் படியுங்கள், பணத்தை அப்புறம் கட்டுங்கள்.

சென்னைவாசியா? ஒரு நாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சும்மா நடந்து பாருங்க. எந்த பார்ட் என்ன விலை, எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று அந்தத் தெரு சொல்லித் தருவதை எந்த கிளாஸிலும் கத்துக்க முடியாது!

கொஞ்சம் உண்மையும் பேசுவோம்

ஆரம்பச் சம்பளம் குறைவுதான். பைக்கில் அலைகிற ஃபீல்டு வேலை, ஃபோனில் திட்டு வாங்குகிற ஹெல்ப் டெஸ்க் வேலை... இதில்தான் தொடங்குவீங்க. அங்கிருந்து சிஸ்டம் அட்மின், நெட்வொர்க் என்று படியேறலாம். புது லேப்டாப்புகள் பலவற்றில் ராமை போர்டிலேயே சால்டர் பண்ணிடறாங்க. அதனால் கழற்றி மாட்ட மட்டும் தெரிந்தால் போதாது. சால்டரிங்கும் மல்டி மீட்டரும் பழகி 'சிப் லெவல்' போறவங்களுக்கு மவுசு அதிகம். ஆனா, கை பழக வருஷக் கணக்காகும்.

வேலை இருக்குமா என்ற கவலை வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும் என்பதால் பழைய மெஷின்கள் பல தகுதி பெறாது. உங்க ஊர் ஜெராக்ஸ் கடையிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் 'புதுசு வாங்கலாமா, லினக்ஸ் போடலாமா?' என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

மூணு 'கூடாது'

* ப்ளக்கைப் பிடுங்கியாச்சே என்று எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். உப்பிய லேப்டாப் பேட்டரியையும் குத்தக் கூடாது, தீப்பிடிக்கும்.

* கேட்காமல் ஃபார்மட் பண்ணக் கூடாது. ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் உடனே ஆஃப் செய்யுங்க. ஓட ஓட சேதம் கூடும். அதில் இருப்பது ஒருத்தரோட கல்யாண ஆல்பமாக இருக்கலாம், இறந்துபோன அப்பாவின் கடைசி வீடியோவாகவும் இருக்கலாம்.

* மூணாவதுதான் முக்கியம். கஸ்டமர் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. அனுமதியில்லாமல், கெட்ட நோக்கத்தோடு ஒரு ஃபைலைக் காப்பி அடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, 5 லட்ச ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்க... நம்பித்தானே அந்தப் பெண் தன் லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் உங்க கையில் கொடுத்துட்டுப் போறாங்க? அந்த நம்பிக்கை ஒரு தடவை உடைஞ்சா, ஒட்ட வைக்க எந்தச் சால்டரிங்கும் உதவாது.

சரி, எப்போ ஆரம்பிக்கலாம்? இந்த ஞாயிற்றுக்கிழமையே! பரணில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரை இறக்குங்க. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டே கழற்றுங்க, திரும்ப மாட்டுங்க. ஸ்க்ரூ ஒண்ணு மிச்சமாச்சா? பரவாயில்லை, எல்லாருக்கும் முதல் தடவை அப்படித்தான். திரும்பக் கழற்றுங்க பாஸ்!