மலிவு விலைச் செயலியும் குவேக் விளையாட்டும்

கணனி விற்கும் கடைக்கு மகனோடு செல்லும் தகப்பனார் முதலிற் கேட்பது, "இதன் வேகம் எவ்வளவு?" என்பதே. கடைக்காரர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண் பொய்யன்று. ஆயினும் அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் மனம் நொந்தவர் உண்டு. 1996ஆம் ஆண்டில் 'குவேக்' என்னும் கணனி விளையாட்டு வெளிவந்தபோது இதுவே நிகழ்ந்தது.

அக்காலத்தில் கணனியின் மூளையாகிய செயலிகளுள் பெயர் பெற்றிருந்தது இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம். அதற்குப் போட்டியாக அமெரிக்காவின் சைரிக்ஸ் நிறுவனம் விலை குறைந்த செயலியொன்றை விற்றது. அதன்மேல் 'பி166+' எனப் பொறிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அதன் துடிப்பு 133 மெகாஹேர்ட்ஸ்தான். ஆயினும் வேலையில் 166 மெகாஹேர்ட்ஸ் பென்ரியத்துக்கு ஈடாகும் என்பதே அப்பொறிப்பின் கருத்து. கடிதம் எழுதவும் அலுவலகக் கோவைகளைப் பேணவும் அக்கூற்று பெரும்பாலும் பொருந்தியது.

யூன் 22ஆம் திகதி ஐடி சொவ்ற்வெயார் நிறுவனம் குவேக்கை வெளியிட்டது. அதே நிறுவனத்தார் 1993இல் வெளியிட்ட 'டூம்' முழு எண்களைக் கொண்டே கணக்கிட்டது. 4 மெகாபைட் நினைவகம் உள்ள பழைய 386 கணனியிலும் அது ஓடிற்று. குவேக்கோ தசம எண்களை நாடிற்று. ஏன்?

விலகிச் செல்லும் சுவரொன்றின் கற்கள் தூரத்தே சிறுத்துத் தோன்றவேண்டும். எவ்வளவு சிறுக்கும் என்பதைத் தூரத்தால் வகுத்தே அறியலாம். வகுத்தல் கணனிக்கு நேரம் பிடிக்கும் கணக்கு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் வகுத்தால் விளையாட்டு ஆமைபோல் ஊரும். ஆகவே நிரலை எழுதிய ஜோன் கார்மாக்கும் மைக்கல் அப்ராஷும் 16 புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் வகுத்தனர். பென்ரியத்தினுள் தசம எண்களுக்கு ஒரு பகுதி, முழு எண்களுக்கு வேறொரு பகுதி. முன்னது அடுத்த வகுத்தலைச் செய்துகொண்டிருக்கையிலேயே பின்னது 16 புள்ளிகளையும் வரைந்து முடித்துவிடும். உலை கொதிப்பதற்குள் காய்கறி நறுக்கிவிடும் சமையல் சாமர்த்தியம் இது!

சைரிக்ஸ் செயலியின் தசமப் பகுதியோ மந்தமானது. எனவே அலுவலக வேலையில் பென்ரியத்தோடு தோள் சேர்ந்து நின்ற கணனி, குவேக்கில் வெகுவாகப் பின்தங்கிற்று. சைரிக்ஸ் நிறுவனத்தை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் அளந்தது ஒரு வேலை. பிள்ளைகள் விரும்பியது வேறொரு வேலை.

1996இலேயே 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் 'வூடூ' வரைகலைச் சில்லுடன் அட்டைகள் வெளிவந்தன. முப்பரிமாணக் காட்சியன்றி வேறெதையும் வரைய அவற்றுக்குத் தெரியாது. சாதாரண எழுத்துக்களைத் திரையிற் காட்ட மற்றோர் அட்டை வேண்டும்! 1997இன் தொடக்கத்தில் அவற்றுக்கேற்ற குவேக் வந்ததும், சுவர்களுக்குப் பூச்சிடும் பாரம் செயலியை விட்டு நீங்கிற்று. உருவங்களின் மூலைகளைக் கணக்கிடும் வேலை செயலியிடமே நின்றமையால் சைரிக்ஸ் வாங்கியவர்க்கு ஓரளவே ஆறுதல்.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் மகன் விரும்பும் விளையாட்டின் பெயரைக் கேட்டு, அதனை வெளியிட்டோர் குறித்துள்ள செயலி, நினைவகம், வரைகலை அட்டை ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் கேட்பது பழைய குவேக்காயின் கடைக்கே போகவேண்டாம். 1999இல் அதன் மூலநிரல் யாவர்க்கும் வழங்கப்பட்டது; வீட்டு மூலையிற் கிடக்கும் பழைய கணனியே அதற்குப் போதும்.