கொசு பேட்டுக்கும் பில் கேளுங்கள்

மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தியதும் நம் வீடுகளில் 'பட், பட்' என்று ஒரு சத்தம் தொடங்கிவிடும். கொசுவத்திப் புகை ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், கொசு இருக்கிறதோ இல்லையோ வீசிப் பார்ப்பதில் ஒரு குஷி காண்பவர்கள் என்று எல்லோர் கையிலும் கொசு பேட். எங்கள் வீட்டில் அதன் இருப்பிடம் ஃபிரிட்ஜின் தலை. அங்கிருந்து காஸ் அடுப்புக்கு நாலடி தூரம். அந்த நாலடிதான் என்னை யோசிக்க வைத்தது.

கைப்பிடிக்குள் இருப்பது நாலு வோல்ட் அளவிலான சின்ன பேட்டரிதான். பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, கெபாசிட்டரில் தேக்கி, வலைக் கம்பிகளுக்கு அனுப்புகிறது. கம்பிகளுக்கு நடுவே கொசு வந்து பாலம் போட்டதும் பொறி பறக்கிறது. தேங்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம் என்பதால், விரல் பட்டால் பொதுவாகச் 'சுரீர்' என்ற அதிர்ச்சியோடு போய்விடும். ஆனால் பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் சற்று நேரம் நிற்கலாம். வெளிவலை கிழிந்து உள்வலை எட்டிப் பார்க்கும் பேட்டைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது.

ஷாக்கைவிட நான் அதிகம் பயப்படுவது பொறிக்குத்தான். சமையல் காஸ் காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பற்றவைக்க ஒரு கொசு பேட்டின் பொறி தாராளம். காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து, மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். கொசுவும் அதே இருட்டு மூலையில்தான் ஒளிந்திருக்கும். நாமும் பேட்டை அங்கேதான் நீட்டுவோம். 2020-இல் தென்மேற்கு பிரான்ஸில், எண்பது வயதைக் கடந்த ஒருவர் ஈ அடிக்க மின்மட்டையை எடுத்தார். வீட்டில் காஸ் கசிந்துகொண்டிருந்தது. சமையலறை சிதறியது, கூரையின் ஒரு பகுதியும் சேதமானது. அவர் கையில் தீக்காயத்தோடு தப்பினார்.

காஸ் வாடை வந்தால் லைட் ஸ்விட்சைத் தொடாதே என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். கொசு பேட்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். காஸ் கசிவுக்கான அவசர எண் அது. கரப்பான் ஸ்ப்ரே அடித்த அறையிலும், பெயின்ட் தின்னர் வாடை வீசும் இடத்திலும், பைக்கில் பெட்ரோல் ஒழுகும் போர்ட்டிகோவிலும் பேட் வேண்டாம்.

அடுத்தது சார்ஜ் ஏற்றும் பின். மலிவான பேட்டுகள் பலவற்றில், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை உள் பாகங்களிலிருந்து பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பிளக்கில் மாட்டியபடியே வலையைத் தொடுவது, கொசு அடிப்பது, திருகைக் கழற்றிப் பார்ப்பது எல்லாம் உயிரோடு விளையாடுவது. இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுத் தூங்காதீர்கள். கைப்பிடி உப்பினாலோ கருகல் வாடை வந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். டெங்கு பயத்தில் பேட் வாங்குபவர்களுக்கு ஒன்று: ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். பேட் படுத்திருக்கும் அதே ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டில் தேங்கிய தண்ணீர் அதற்குப் பிரசவ அறை.

விலை மலிந்த இறக்குமதி பேட்டுகளைத் தடுக்க மத்திய அரசு 2021 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது: துறைமுகம் வந்து சேரும் மதிப்பு ஒன்றுக்கு 121 ரூபாய்க்குக் குறைந்தால் இறக்குமதிக்குத் தடை. இருந்தும் பெயர், ஊர் எதுவும் இல்லாத பேட்டுகள் நடைபாதைக் கடைகளில் கிடைக்கின்றன. அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் சொல்லும் எண் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பழுதான பேட்டால் காயமோ சேதமோ ஏற்பட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவரைப் பொறுப்பாக்கவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் நாமே பேட்டைப் பிரித்து மாற்றியிருந்தால் விற்றவர் மேல் அந்த வழக்கு நிற்காது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால், நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எரிந்த பேட்டைக் குப்பையில் போட்டுவிடாமல், பில், அட்டைப்பெட்டி, புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றோடும் எடுத்து வையுங்கள்.

போன மாதம் புது பேட் வாங்கியபோது பில் கேட்டேன். "கொசு பேட்டுக்கு எதுக்கு சார் பில்லு?" என்று சிரித்தார் கடைக்காரர். நான் நகரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் விலையும் எழுதி, கடை முத்திரையை அழுத்திக் கொடுத்தார். சீட்டு பீரோவில் இருக்கிறது. பேட், படுக்கையறை ஆணியில்.