சேலையைப் படம் எடுக்கும் முறை

நம் சங்கங்களின் சேலைகளைத் தொலைவிலுள்ளோர் இன்று கைப்பேசியில் படம் பார்த்தே வாங்குகின்றனர். துணியைத் தொட்டுப் பார்க்க இயலாத அவர்களுக்குப் படமே சாட்சி. படத்தில் கண்ட நிறம் வேறு, கையில் வந்த நிறம் வேறு என்றால் சேலை திரும்பி வரும். சங்கத்தின் நற்பெயரும் குறையும். ஆதலின் அங்கத்தினர்களுக்குச் சில முறைகளை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலாவது, வெளிச்சம். நேர் வெயில் படாத சன்னலோரமே ஏற்ற இடம். அங்கே மின்விளக்கையும் ஏற்றினால் இருவகைச் சாயல் கலந்து நிறம் மாறும். பிளாஷ் வெளிச்சம் சரிகையில் பட்டு வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் இழையும் புட்டாவும் எடுப்பாகத் தெரியும்.

இரண்டாவது, வெளிச்ச அளவு. கேமரா எதையும் நடுத்தர வெளிச்சமாகவே காட்ட முயலும். அதனால் வெள்ளைச் சேலை மங்கும், கறுப்புச் சேலை வெளிறும். வெள்ளைக்கு அளவைச் சற்றுக் கூட்டியும், கறுப்புக்குக் குறைத்தும் எடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, உடுத்திய தோற்றம். மிக அருகில் நின்று எடுத்தால் உருவம் கோணும். ஏழெட்டு அடி தள்ளி நின்று, கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்தல் நலம். கொசுவம் நேராகவும், கரையும் முந்தானையும் முழுதாகவும் தெரிய வேண்டும்.

எடுத்த படத்தைச் சேலையோடு ஒப்பிட்ட பின்னரே அனுப்புக. படத்தில் இல்லாத நிறத்தை ஏற்றுவது, முழக்கோலைக் குறுக்குவதற்கு ஒப்பாகும்.