நெய்ப்பொடி முதல் மென்தால் வரை: மூக்குப்பொடியின் வாசம் எங்கிருந்து வருகிறது, மூக்கை என்ன செய்கிறது?

பெங்களூருவில் வேலை, சனி ஞாயிறு ஊரில். தருமபுரிப் பக்கம் பிறந்த நிறைய பேருக்கு வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது. போன மாதம் நான் ஊருக்குக் கிளம்பும்போது ஆயா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வரும்போது பொடி வாங்கியாந்துடு கண்ணு. பழைய வாசம் வர்ற பொடியா பாத்து வாங்கு."

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டேன். கடைக்காரர் மூன்று டப்பிகளை எடுத்து வைத்தார். ஒன்று காரப்பொடி, ஒன்று சென்ட் போட்டது, ஒன்று மென்தால். "எது வேணும் தம்பி?" எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டப்பி அழகாக இருக்கிறதே என்று மென்தாலை வாங்கிவிட்டேன்.

வீட்டில் ஆயா ஒரு சிட்டிகை எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது தைலம் மாதிரி சில்லுனு இருக்கு. வாசமே இல்லியே" என்றார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் இருந்த பால் பொங்கி, அடிப்பிடித்து, வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். வாசலில் இருந்த நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். ஆயா அடுப்புக்கு நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பொடியில் வாசம் இல்லை என்று அவர் சொன்னதற்கு அப்போதுதான் வேறு அர்த்தம் பிடிபட்டது. குறை டப்பியிலா, மூக்கிலா?

இதைப் புரிந்துகொள்ள, முதலில் பொடியின் வாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பொடி எப்படி உருவாகிறது?

மூக்குப்பொடி என்பது அடிப்படையில் நைஸாக அரைத்த புகையிலை. ஆனால், காய்ந்த இலையை அப்படியே அரைத்தால் பொடி ஆகிவிடாது. இலையைப் பதப்படுத்தி, அடுக்கி, நாள்கணக்கில் புழுங்கவிட வேண்டும். அப்போதுதான் பச்சை நெடி போய், உலர்ந்த பழம் போன்ற ஒரு மணம் வரும். பிறகு வறுப்பார்கள். காபிக்கொட்டையை வறுக்கும்போது நடக்கும் அதே மாதிரியான வேதிவினைதான் இங்கும் நடக்கிறது. வறுவலின் பதத்துக்கு ஏற்ப நிறமும் மணமும் மாறும்.

நம்ம ஊர் முறையில் இதற்கு மேல் இரண்டு பொருள்கள் சேரும்: சுண்ணாம்பு, நெய்.

சுண்ணாம்பு சேர்ந்தால் பொடி காரத்தன்மை பெறும். அப்போது புகையிலையில் உப்பு வடிவில் இருக்கும் நிக்கோட்டின் விடுபட்டு, மூக்கின் ஈரச் சவ்வு வழியாகச் சட்டென்று ரத்தத்தில் கலக்கும். கூடவே அம்மோனியா நெடியும் எழும். பழகாதவர் இழுத்தால் கண்ணில் தண்ணீர் வருவதும் அடுக்கடுக்காகத் தும்மல் வருவதும் இதனால்தான். நெய்யின் வேலை வேறு. தூள் காற்றில் பறக்காமல் சேர்த்துப் பிடிக்கும், எரிச்சலைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், மணத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும்.

அந்தக் காலத்தில் இந்தப் பொடியைக் காய்ந்த வாழைப்பட்டையில் மடித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பொடி மட்டை. ஆயா சொல்லும் 'பழைய வாசம்' என்பது வறுத்த புகையிலை, நெய், வாழைமட்டை மூன்றும் கலந்த வாசம்தான்.

தரத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

பொடி போட்டுப் பழகியவர்கள் ஒரு பொடியை நான்கு விஷயங்களை வைத்து எடைபோடுவார்கள்.

அரைப்பு: மாவு போல நைஸான பொடி ஒரு இழுப்பில் தொண்டை வரை போய்விடும். கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் மூக்கின் முன்பகுதியிலேயே தங்கும்.

ஈரம்: உலர்ந்த பொடி உடனே தாக்கும். ஈரப்பொடி மெதுவாக வேலை செய்யும், மணம் நீண்ட நேரம் நிற்கும்.

காரம்: இழுத்தவுடன் மூக்கில் ஏறும் சுரீர். சுண்ணாம்பு, அம்மோனியா, நிக்கோட்டின் மூன்றின் கூட்டு.

மணம்: புகையிலையின் சொந்த வாசமா, மேலே தெளித்த சென்ட்டா என்பது.

எந்தப் பொடி எப்படி இருக்கும்?

நாட்டுப் பொடி: நைஸான அரைப்பு, நல்ல காரம், நெய் வாசம். தமிழ்நாட்டில் 'பட்டணம் பொடி' என்ற பெயரே ஒரு தர முத்திரை மாதிரி புழங்கியது. டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி என்ற பெயரை உங்கள் தாத்தா பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். முன்னாள் முதல்வர் அண்ணாவுக்கும் பொடிப் பழக்கம் இருந்தது.

சென்ட் பொடி: ரோஜா, மல்லிகை, சந்தனம், ஏலக்காய் என்று வாசனை ஏற்றியது. மணம்தான் முன்னால் நிற்கும், புகையிலை பின்னால் ஒளிந்துகொள்ளும். மட்டமான இலையின் நெடியை மறைக்கவும் இந்த வழி உதவும்.

மென்தால் பொடி: இழுத்ததும் மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி. இதைப் பற்றிக் கீழே தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்துப் பொடி: அங்கே ஷெஃபீல்டு நகரில் 1737 முதல் பொடி அரைக்கும் குடும்ப நிறுவனம் உண்டு. 'டோஸ்ட்' வகை மிக நைஸாக, உலர்ந்து, வறுத்த வாசத்தோடு இருக்கும். 'எஸ்.பி.' வகையில் லேசான ஈரமும் எலுமிச்சை இனப் பழங்களின் மணமும் இருக்கும்.

பிரெஞ்சு 'ராப்பே': பெயருக்குத் 'துருவியது' என்று பொருள். இறுக்கிச் சுற்றிய புகையிலை உருளையைத் தேங்காய் துருவுவது போலத் துருவி எடுப்பார்கள். கறுப்பாக, கொரகொரப்பாக இருக்கும்.

ஜெர்மனியின் 'ஷ்மால்ட்ஸ்லர்': பவேரியா மாநிலத்துச் சரக்கு. அடர்ந்த நிறம், பழ வாசம், எண்ணெய்ப் பசை. பெயரில் உள்ள 'ஷ்மால்ட்ஸ்' என்றால் உருக்கிய கொழுப்பு. பவேரியாவில் அது உருக்கிய வெண்ணெய், அதாவது நம்ம நெய்! ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பக்குவத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே நெய்யின் இடத்தைப் பெரும்பாலும் கனிம எண்ணெய் பிடித்துவிட்டது.

இத்தனை வகை, இத்தனை வாசம். ஆனால், இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பொருள் உண்டு. அதற்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. அதுதான் நிக்கோட்டின். டப்பியை மறுபடி மறுபடி திறக்க வைப்பது ரோஜா வாசம் இல்லை, இதுதான்.

'தலைவலிக்கு நல்லது'ன்னு சொல்றாங்களே?

இந்த நம்பிக்கைக்குக் கிட்டத்தட்ட ஐந்நூறு வயது ஆகப்போகிறது. 1560 வாக்கில் போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, தன் நாட்டு அரச குடும்பத்துக்குப் புகையிலையை மருந்து என்று அனுப்பி வைத்தார். ராணி கேத்தரின் தலைவலிக்குப் பொடி போட்டதாகச் சொல்வார்கள். நிக்கோட்டின் என்ற பெயரே இந்த நிக்கோவிடமிருந்து வந்ததுதான்.

உண்மையில் என்ன நடக்கிறது? பழக்கப்பட்ட உடம்பில் நிக்கோட்டின் அளவு இறங்கும்போது தலைவலி, எரிச்சல், கவனச் சிதறல் எல்லாம் வரும். அடுத்த சிட்டிகை உள்ளே போனதும் அடங்கும். தலைவலியைக் கொண்டு வந்ததும் பொடி, தீர்த்து வைத்ததாகப் பெயர் வாங்கியதும் பொடி.

மென்தால் போட்டா மூக்கடைப்பு போகுமா?

போகாது. நம் மூக்கில் குளிரை உணரும் நரம்புகள் இருக்கின்றன. மென்தால் அவற்றைத் தூண்டிவிடுகிறது. குளிர்ந்த காற்று நிறைய உள்ளே போகிற மாதிரி மூளை நினைத்துக்கொள்கிறது. அடைப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். காரப்பொடியை முதல்முறை இழுப்பவர் தும்மித் தும்மி, 'வேண்டாம்டா சாமி' என்று டப்பியைத் தூக்கிப் போட்டுவிடுவார். அது உடம்பு தரும் எச்சரிக்கை. மென்தாலும் சென்ட்டும் அந்த எச்சரிக்கையின் குரலைக் குறைத்துவிடுகின்றன.

சிகரெட்டுக்குப் பதிலாகப் போடலாமா?

ஆபீஸில் புகை பிடிக்க இடமில்லை, பொடி போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. பொடியில் புகை இல்லை. அதனால் புகையிலிருந்து வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குப் போவதில்லை. இது உண்மைதான்.

ஆனால், நிக்கோட்டின் அடிமைத்தனம் அப்படியே தொடரும். புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்க் காரணிகள் பொடியிலும் இருக்கின்றன. புகையில்லாப் புகையிலையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கான ஆதாரங்களில் பெரும்பகுதி வாயில் வைக்கும் புகையிலையைப் பற்றியது. மூக்குப்பொடியை மட்டும் தனியாக எடுத்து நடந்த ஆய்வுகள் குறைவு. அதனால் அதைப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சொல்லப்போனால், புகையிலை பற்றிய பழைய எச்சரிக்கைகளில் ஒன்று பொடியைப் பற்றியதுதான். 1761-ல் லண்டன் மருத்துவர் ஜான் ஹில், அளவுக்கு மீறிப் பொடி போட்டவர்களின் மூக்கில் வளர்ந்த கட்டிகளைப் பற்றி எழுதி எச்சரித்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2013 முதல் இருக்கும் குட்கா, பான் மசாலா தடை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. பொடி உணவுப் பொருள் இல்லை. ஆனால், 2003-ம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் பட்டியலில் பொடியின் பெயர் இருக்கிறது. அதன்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. டப்பியில் எச்சரிக்கைப் படமும் இருக்க வேண்டும்.

சரி, ஆயாவின் மூக்குக்கு என்ன ஆச்சு?

வாசத்தை உணரும் பகுதி மூக்கின் உள்ளே மேல்கூரையில் இருக்கிறது. காற்று அதுவரை போய்ச் சேர்ந்தால்தான் மணம் தெரியும். வருடக்கணக்கில் பொடி போட்டால் உள்சவ்வு எரிச்சலடைந்து தடித்துப்போகலாம், மூக்கு அடைத்துக்கொள்ளலாம். பிறகு வாசம் மேலே எட்டாது. வயதானாலும் மோப்பம் குறையும். ஒருவருக்கு எது காரணம் என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. மோப்பம் குறையக் குறைய, 'பொடியில வாசம் இல்ல, சரக்கு மட்டம்' என்று தோன்றும். இன்னும் காரமான பொடியைத் தேடுவார்கள், இல்லை என்றால் சிட்டிகையைப் பெரிதாக்குவார்கள். மூக்கு இன்னும் மந்தமாகும்.

பால் தீய்ந்தால் ஒரு பாத்திரத்தோடு போகும். காஸ் கசிந்தால்? சமையல் காஸுக்குச் சொந்தமாக வாசம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைகோஸ் மாதிரி நாறும் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் எட்டாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பிள்ளைகள் பெங்களூருவிலும் ஓசூரிலும் இருக்க, வயதானவர் தனியாகச் சமைக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனை!

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது

வீட்டில் பொடி போடும் பெரியவர் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு பக்க மூக்கை அடைத்துக்கொண்டு, காபித்தூள், பெருங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாக முகரக் கொடுங்கள். பிறகு அடுத்த பக்கம். அடையாளம் சொல்லத் திணறினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைப்பு, ரத்தக் கசிவு, ஆறாத புண் இருந்தால் தள்ளிப் போடவே வேண்டாம்.

சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டிவிடுங்கள்.

பொடியை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். ஐம்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் போகாது. திட்டினால் ஒளித்துவைத்துப் போடுவார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

ஆயாவுக்கு நான் பெருங்காய டப்பாவை நீட்டினேன். வலது பக்கம் கண்டுபிடித்தார். இடது பக்கம் வெகுநேரம் முகர்ந்துவிட்டு, "தண்ணியா கண்ணு?" என்றார். டாக்டரிடம் போக நாள் குறித்திருக்கிறோம். இந்த வாரம் போனில் பொடி கேட்கவில்லை. "அந்த காஸ் மிஷினு எவ்ளோடா?" என்று மட்டும் கேட்டார்.