ரோசாப்பூ துரை!

பரமக்குடிக்கு அருகே இருக்கிறது நயினார்கோவில். அங்கே குடிகொண்டிருப்பவர் நாகநாத சுவாமி. முன்னொரு காலத்தில், வாய் பேசாத முஸ்லிம் பெண் ஒருத்தி அந்தச் சன்னிதியில் வந்து நின்றாளாம். திடீரென்று, "நயினாரே!" என்று வாய் திறந்து கூப்பிட்டாளாம். அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள். இன்றும் பல மதத்தாரும் அங்கே வந்து கும்பிடுகிறார்கள்.

அந்த ஊர் இருக்கும் இராமநாதபுரம் சீமை, மதுரை, நெல்லைச் சீமைகளோடு சேர்ந்து ஒரே தொகுதியாக இருந்த காலம் உண்டு. 1937-ம் ஆண்டில் அந்தத் தொகுதியில் இருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒரு கிறிஸ்தவர். அவர்தான் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

செங்கன்னூர் பிள்ளை

திருவாங்கூரில் உள்ள செங்கன்னூரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887-ல் பிறந்தார். சென்னையில் படித்தார். கப்பல் ஏறிப் போய் எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துப் பாரிஸ்டர் ஆனார். 1909-ல் திரும்பி வந்தார். பிறகு மதுரையில் வக்கீல் தொழில் நடத்தினார்.

வெள்ளைக்காரர் மதமும் அவர் மதமும் ஒன்றுதான். ஆனால் அவர் வெள்ளைக்காரர் பக்கம் சாயவில்லை. சுயராஜ்யம் கேட்டவர்களோடு சேர்ந்தார். காந்தி ஒத்துழையாமை என்றதும் தொழிலைத் துறந்தார். கதர் உடுத்தினார். சிறைக்கும் போனார்.

கைரேகைச் சட்டம்

அந்த நாளில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி! ஆண்கள் போலீசில் கைரேகை வைக்க வேண்டும். இரவில் மனைவி மக்களோடு வீட்டில் படுக்க முடியாது. போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும்.

மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் இதில் அகப்பட்டுத் தவித்தார்கள். பின்னர் இராமநாதபுரம் சீமையின் மறவர்கள் மீதும் சட்டம் பாய்ந்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி, பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீசார் சுட்டனர். பலர் மாண்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருத்தி.

அந்த ஏழை மக்களுக்காகக் கோர்ட்டில் நின்று வாதாடியவர் ஜோசப். அவருடைய கோட்டில் எப்போதும் ஒரு ரோஜாப்பூ இருக்கும். கிராமத்து ஜனங்கள் அவருக்கு 'ரோசாப்பூ துரை' என்று பெயர் வைத்தார்கள்.

காந்தியின் கடிதம்

1924-ல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோவிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த போர் அது. தலைவர்கள் கைதானார்கள். ஜோசப் முன்னே வந்தார்.

அப்போது காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம். அதற்கு அவர்களே பிராயச்சித்தம் செய்யட்டும். நீங்கள் விலகி நில்லுங்கள் என்பது அதன் சாரம்.

காந்தி சொன்னதிலும் நியாயம் இருந்தது. வேறு மதத்தார் தலையிட்டால், சண்டை மதச் சண்டையாகத் திரும்பிவிடலாம் அல்லவா? ஆனால் ஜோசப் இதைக் கோவில் விவகாரமாக மட்டும் பார்க்கவில்லை. தெருவில் நடப்பது மனிதனின் உரிமை. அதைக் கேட்க எந்த மதத்தாரும் வரலாம் என்பது அவர் கட்சி.

அந்த ஏப்ரல் மாதமே அவரும் சிறை புகுந்தார். பிறகு ஈரோட்டில் இருந்து பெரியார் வந்து போராட்டத்தை நடத்தினார். 1925-ல் கோவிலின் மூன்று பக்கத்துத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன.

அணையாத நன்றி

டெல்லிச் சட்டசபைக்குப் போன ஜோசப் நெடுநாள் வாழவில்லை. 1938 மார்ச் 5-ம் தேதி, மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது ஐம்பதுதான். அவர் எதிர்த்த கைரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-ல். அதைக் காண அவர் இல்லை.

ஆனால் ஜனங்கள் மறக்கவில்லை. அவருடைய நினைவு நாளில் கல்லறைக்குப் போய் வணங்கும் வழக்கம் கள்ளர் மக்களிடையே வளர்ந்தது. அவர்கள் கும்பிடும் சாமி வேறு. அவர் ஜெபித்த கர்த்தர் வேறு. ஆனாலும் பெற்ற பிள்ளைக்கு அவர்கள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா?

'ரோசாப்பூ!'